"நோய் வந்தா கம்பெனி பொறுப்பில்ல"ன்னு கையெழுத்து வாங்குறாங்க, அது செல்லுமா? பெருந்தொற்று வந்தா முதலாளி என்ன செய்யணும்?

பெங்களூர் ஹொங்கசந்திராவுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. கொரோனா நேரத்துல அவங்க வேலை பார்த்த கார்மென்ட்ஸ்ல "என் சொந்த விருப்பத்துல வேலைக்கு வரேன், தொத்து வந்தா கம்பெனி பொறுப்பில்ல"ன்னு எழுதின பேப்பர்ல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்களாம். இப்போ புதுசா சேர்ந்த இடத்துல ஜாயினிங் பேப்பரோட அதே மாதிரி ஒரு ஷீட் வெச்சிருக்காங்களாம். அது செல்லுமா, நாளைக்கு இன்னொரு பெருந்தொற்று வந்தா கம்பெனி எங்களுக்கு என்னென்ன செஞ்சாகணும், நாங்க என்ன கேக்கலாம்னு கேள்வி.

நான் பீன்யாவுலயும் பொம்மனஹள்ளி பக்கமும் சேர்த்து 20 வருஷத்துக்கு மேல ஃபேக்டரி சேஃப்டி வேலை பார்த்தவன், 2020லயும் 21லயும் ஷாப் ஃப்ளோர்லயே தான் இருந்தேன். அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த பேப்பர். செல்லாதுமா. 1923ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல 17வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, வேலையால வர்ற காயத்துக்கோ நோய்க்கோ நஷ்டஈடு கேக்குற உரிமைய விட்டுக்கொடுக்கிறேன்னு தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் அந்த அளவுக்கு செல்லாதுன்னு அதுல நேரடியாவே இருக்கு. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 23வது பிரிவும் சட்டத்துக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாதுன்னு தான் சொல்லுது. பாதுகாப்பு கொடுக்குறது ஓனர் மேல சட்டம் வெச்ச கடமை, அதை ஒரு ஏ4 ஷீட்ல தொழிலாளி தலையில மாத்தி வெக்க முடியாது.

ஆனா இதுல ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். பேப்பர் செல்லாதுங்கறதால நோய் வந்த உடனே காசு வந்துடும்னு அர்த்தம் இல்ல. அந்த இழப்பீட்டுச் சட்டத்துல தொழில் நோய் பட்டியல்ல தொத்து நோய் இருக்கு, ஆனா தொத்துற ஆபத்து குறிப்பா இருக்கிற வேலைகளுக்கு மட்டும் தான், அதாவது ஆஸ்பத்திரி, லேப் மாதிரி. டெய்லரோ மெஷின் ஆபரேட்டரோ இது வேலை இடத்துல தான் வந்துச்சுன்னு நிரூபிக்கணும், பஸ்லயும் மார்க்கெட்லயும் பரவுற நோய்க்கு அது ரொம்ப கஷ்டம். அதனால தான் நஷ்டஈட்டை நம்பி இருக்கிறத விட நோய் வராம பாக்கிற ஏற்பாட்டை முன்னாடியே கேட்டு வாங்கணும்னு நான் எப்பவும் சொல்வேன்.

கடமைன்னு சொன்னேனே, அது எங்க இருக்கு? 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 7ஏ பிரிவு. ஃபேக்டரியில இருக்கிற எல்லா தொழிலாளியோட பாதுகாப்பு, ஆரோக்கியம், நலன் மூணையும் நடைமுறையில முடிஞ்ச அளவுக்கு ஆக்குபையர், அதாவது ஃபேக்டரிய நடத்துற முதலாளி, உறுதி செய்யணும்னு சொல்லுது. அதுல "ஆரோக்கியம்"ங்கற வார்த்தைய நிறைய மேனேஜர்கள் கவனிக்கிறதே இல்ல, மெஷின் கார்டு போட்டா சேஃப்டி முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க. 2025 நவம்பர் 21ல இருந்து நாலு லேபர் கோடும் (பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்த புதுச் சட்டத் தொகுப்புகள்) அமலுக்கு வந்துடுச்சு, அதுல தொழில் பாதுகாப்புக் கோடு இந்தக் கடமைய அப்படியே எடுத்துக்கிச்சு, ஃபேக்டரி மட்டும் இல்லாம ஆபீஸ், கடைனு பல இடத்துக்கு நீட்டியிருக்கு. பழைய விதிகள் புது விதி முழுசா வர்ற வரைக்கும் தொடரும்னு அரசு சொல்லியிருக்கு, அதனால பழைய பிரிவு நம்பரைத் தான் நான் இங்க அதிகமா சொல்றேன், இன்னிக்கும் ஹெச்ஆர், யூனியன் எல்லாரும் அந்த நம்பர்ல தான் பேசுறாங்க.

சரி, நிஜத்துல என்ன செய்யணும். கொரோனா நேரத்துல எல்லா கம்பெனியும் மூணு விஷயம் பண்ணாங்க: கேட்ல நெத்தியில துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர், ஒரு சானிடைசர் ஸ்டாண்டு, சாயங்காலம் ஃப்ளோர் பூரா ஹைப்போங்கற கிருமிநாசினி ஸ்ப்ரே. மூணுமே கண்ணுக்குத் தெரியுற விஷயம், ஆடிட்டுக்கு வர்றவங்க போட்டோ எடுத்துக்கலாம். ஆனா காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் தொத்தைப் பரப்பலாம், பாரசிட்டமால் போட்டுட்டு வந்தா நெத்தி சூடு காட்டாது. ஆளுங்க மேல ஸ்ப்ரே அடிக்காதீங்க, கெடுதல்னு மத்திய சுகாதார அமைச்சகமே 2020 ஏப்ரல்ல சொல்ல வேண்டி வந்துச்சு. கை கழுவுறது நல்லது தான், அதை நான் குறைச்சு சொல்லல, ஃபேக்டரீஸ் ஆக்ட் 42வது பிரிவு படி கை கழுவுற வசதி எப்பவுமே இருக்கணும். ஆனா இந்த மாதிரி மூச்சு வழியா பரவுற நோய்க்கு முதல் பாதுகாப்பு காத்து.

ஒரு உதாரணம் சொல்றேன், இது என் மனசை விட்டுப் போகாத உதாரணம். 2020 மார்ச்ல தென்கொரியா சியோல்ல ஒரு பெரிய கட்டடத்துல கால் சென்டர் ஒண்ணு, 11வது மாடி. அந்த மாடியில 216 பேர் வேலை, அதுல 94 பேருக்கு தொத்து. கட்டடம் பூரா ஆயிரத்துக்கு மேல டெஸ்ட் பண்ணாங்க, மொத்தமே 97 பேர் தான் பாசிட்டிவ். லிஃப்ட், லாபி எல்லாம் எல்லா மாடிக்காரங்களும் ஒண்ணா தான் யூஸ் பண்ணாங்க, இருந்தும் மத்த மாடிக்கு கிட்டத்தட்ட பரவவே இல்ல. அந்த 11வது மாடியிலயும் ஒரே பக்கம் உட்கார்ந்தவங்களுக்குத் தான் பெரும்பாலும். இதுக்கு என்ன அர்த்தம்னா, லிஃப்ட் பட்டனைத் தொட்டதால இல்ல, ஒரே அறையில மணிக்கணக்கா பேசிக்கிட்டே ஒரே காத்தை மூச்சு விட்டதால. மாரத்தஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் பிபிஓல இருக்கிற நம்ம பசங்க இதை நல்லா படிக்கணும், அவங்க ஃப்ளோர் அப்படியே அதே அமைப்பு தான்.

கார்மென்ட்ஸ்ல பேச்சு இன்னும் சத்தமா இருக்கும். மெஷின் ஓடுற இரைச்சல்ல சூப்பர்வைசர் டார்கெட் டார்கெட்னு கத்துவாரு, ஹெல்பர் பீஸ் கேட்டு கத்துவாங்க. கத்தும்போது சாதாரணமா பேசுறத விட நெறைய துளி வாயில இருந்து வருது. அமெரிக்காவுல 2020ல இறைச்சி வெட்டுற ஆலைகள்ல அவ்வளவு பேருக்கு பரவினதுக்கு சொன்ன காரணங்கள்ல இதுவும் ஒண்ணு, இரைச்சல்ல பக்கத்துல பக்கத்துல நின்னு கத்திப் பேசறது. 2021 மே மாசம் இந்திய அரசோட முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட குறிப்புல ஏரோசால், அதாவது மூச்சுல வர்ற நுண்துளி, 10 மீட்டர் வரைக்கும் போகலாம், ஜன்னலைத் திறங்க, எக்ஸாஸ்ட் போடுங்கன்னு தெளிவா எழுதியிருந்தாங்க. அப்போ பல இடத்துல இன்னும் தரையைத் தான் துடைச்சுக்கிட்டு இருந்தோம்.

இந்த இடத்துல ஒரு சின்ன கணக்கு சொல்லித் தரேன், நீங்களே போட்டுப் பாக்கலாம். ஃபேக்டரீஸ் ஆக்ட் 16வது பிரிவு, ஒரு ஆளுக்கு குறைஞ்சது 14.2 கன மீட்டர் இடம் இருக்கணும், கூரை எவ்வளவு உசரம் இருந்தாலும் தரையில இருந்து 4.2 மீட்டருக்கு மேல இருக்கிறத கணக்குல சேர்க்கக் கூடாது. உங்க ஹால் 30 மீட்டர் நீளம் 20 மீட்டர் அகலம்னு வெச்சுக்கோங்க, 30 பெருக்கல் 20 பெருக்கல் 4.2, அது 2520. அதை 14.2 ஆல வகுத்தா 177. அதாவது அந்த ஹால்ல சாதாரண நாள்லயே 177 பேருக்கு மேல உட்கார வெக்கக் கூடாது. அந்த அளவு ஹால்ல 220 பேர், 240 பேர் உட்கார வெச்சத நான் பார்த்திருக்கேன். பெருந்தொற்று வந்தப்புறம் இடைவெளிய பத்தி பேசுறதுக்கு முன்னாடி, நோய் இல்லாத நாள்லயே சட்டம் சொன்ன இடம் இருக்கான்னு பாக்கணும். 13வது பிரிவுல சுத்தமான காத்து உள்ள வந்துக்கிட்டே இருக்கணும்னு தனியா இருக்கு, அதையும் சேர்த்துக் கேளுங்க.

ஸ்ப்ளிட் ஏசி இருக்கிற ஆபீஸ்காரங்களுக்கு ஒரு வார்த்தை. அது வெளிக்காத்தை உள்ள கொண்டு வர்றதே இல்ல, உள்ள இருக்கிற காத்தையே சுத்தி சுத்தி குளிராக்குது. ஏசி போட்டாலும் ஜன்னல் கொஞ்சம் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஓடணும், கரெண்ட் பில்லு ஏறும், ஏறட்டும், அது தான் பாதுகாப்போட விலை. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன கணக்கு ஒரு ஆளுக்கு செகண்டுக்கு 10 லிட்டர் வெளிக்காத்து. அதை அளக்க முடியலன்னா ஒரு சின்ன கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி வெச்சா போதும், 1000 பிபிஎம் தாண்டுதுன்னா காத்து பத்தலன்னு எடுத்துக்கலாம். கார்மென்ட்ஸ்ல ஒரு பக்கம் வெட் பேட் (காத்தைக் குளிராக்குற ஈரத் தட்டி) வெச்சு மறுபக்கம் பெரிய ஃபேன் இழுக்குற ஏற்பாடு இருந்தா அது உண்மையிலயே நல்ல விஷயம், ஆனா குளிர் காலத்துல ஃபேனை பாதி ஆஃப் பண்ணிடறாங்க, டிசம்பர் ஜனவரியில தான் எல்லாரும் இருமிக்கிட்டு இருப்பாங்க. பெங்களூர் ஊருக்கே இது தெரியாத விஷயம் இல்லையே, 1898ல பிளேக் வந்தப்புறம் நெருக்கமான பேட்டை ஏரியாவ விட்டு அகல ரோடு, தள்ளித் தள்ளி வீடுன்னு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் போட்ட ஊரு இது.

காத்துக்கு அடுத்தது, சொல்லப்போனா காத்துக்குச் சமமா நான் வெக்கிறது சம்பளம். ஆமா, சம்பளத்தோட லீவு. 2021 ஏப்ரல், ரெண்டாவது அலை ஆரம்பிச்ச நேரம், நான் இருந்த ஒரு யூனிட்ல அயர்னிங் செக்‌ஷன்ல கிருஷ்ணகிரி பக்கத்து அம்மா ஒருத்தங்க நாலு நாள் காய்ச்சலோட வேலைக்கு வந்தாங்க. யார்கிட்டயும் சொல்லல. அந்த மாசம் ஒரு நாள் லீவு போட்டாலும் அட்டெண்டன்ஸ் போனஸ் மொத்தமா போயிடும், அவங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்ல, ரெண்டு பசங்க. அஞ்சாவது நாள் மயங்கி விழுந்தாங்க. அந்த செக்‌ஷன்ல அடுத்தடுத்து 11 பேர். அந்த அம்மா பொழைச்சுட்டாங்க, கூட வேலை செஞ்ச ஒருத்தர் பொழைக்கல. மேனேஜ்மென்ட் மீட்டிங்ல "ஏன் மறைச்சா"ன்னு தான் கேட்டாங்க. மறைக்காம இருந்தா எவ்வளவு காசு போயிருக்கும்னு நான் போர்டுல எழுதிக் காட்டினேன், யாரும் பேசல. அதுக்கு அடுத்த மாசம் தான் காய்ச்சல் லீவுக்கு போனஸ் பிடிக்கக் கூடாதுன்னு மாத்தினாங்க. ஒரு மாசம் முன்னாடி மாத்தியிருக்கணும், அதை நானும் முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணும். இன்னிக்கும் அது உறுத்துது.

அதனால நீங்க முதல்ல கேக்க வேண்டியது இது: காய்ச்சல், இருமல் இருந்தா வீட்ல இருக்கச் சொல்ற ரூல் இருக்கா, அந்த நாளுக்கு சம்பளம் உண்டா, போனஸ் வெட்டு உண்டா. இது இல்லாம மத்ததெல்லாம் செஞ்சு பிரயோஜனம் இல்ல.

ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு, இதுல பாதி தாங்கும். மாச சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருக்கிறவங்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு, உங்க சம்பளத்துல 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம் கட்டணும். நோய்ல இருக்கிறப்போ ஈஎஸ்ஐ டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்தா தினசரி சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். அதுக்கு முன்னாடி உள்ள ஆறு மாச கட்டணக் காலத்துல 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும், முதல் ரெண்டு நாளைக்கு வராது. அந்த ரெண்டு நாளும் மீதி 30 சதவீதமும் கம்பெனி போடணும்னு தான் நான் வாதாடுவேன். கம்பெனி பிடிச்ச காசைக் கட்டாம இருந்தா உங்களுக்குப் பணம் வர்றது சிக்கலாகும், அதனால மாசம் ஒரு தடவை போன்ல உங்க கான்ட்ரிப்யூஷன் ஏறியிருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, நோய்க்கு ஈஎஸ்ஐ பணம் வாங்கிட்டு இருக்கிற காலத்துல உங்களை வேலைய விட்டு தூக்கவோ தண்டிக்கவோ முடியாது, அது ஈஎஸ்ஐ சட்டத்துல 73வது பிரிவு. இந்த ஒரு பிரிவு தெரியாததால எத்தனை பேர் பயந்து ராஜினாமா எழுதிக் கொடுத்தாங்கன்னு நான் கண்ணால பார்த்தேன்.

கேன்டீனைப் பத்தி சொல்லணும். ஃப்ளோர்ல மாஸ்க் போட்டு உட்கார்ந்தவங்க கேன்டீன்ல மாஸ்க்கை கழட்டிட்டு எதிரெதிரா உட்கார்ந்து சிரிச்சுப் பேசி சாப்பிடுறாங்க, அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல, நாள் பூரா அந்த அரை மணி தான் மனுஷனுக்கு மனுஷன். ஆனா அங்க தான் பரவும். லஞ்சை மூணு நாலு பேட்ச்சா பிரிக்கணும், முடிஞ்சா மாடியில, வெளியில ஷெட்ல சாப்பிட இடம் கொடுக்கணும். 2020 ஏப்ரல்ல மத்திய உள்துறை போட்ட வழிகாட்டுதல்லயே ஷிஃப்டுக்கு ஷிஃப்டு ஒரு மணி நேரம் இடைவெளி, லஞ்ச் நேரத்தை மாத்தி மாத்தி விடணும்னு இருந்துச்சு, அதை அடுத்த தடவையும் அப்படியே எடுத்துக்கலாம். கம்பெனி வண்டியும் அதே கதை, ஒரு டெம்போ ட்ராவலர்ல கதவு ஜன்னல் மூடி இருபது பேரை அடைச்சுக் கொண்டு வந்து இறக்கிட்டு கேட்ல ஆறடி கோடு போடுறதுல அர்த்தம் இல்ல.

மாஸ்க் கம்பெனி தான் கொடுக்கணும், காசு பிடிக்கக் கூடாது. சட்டப்படி கொடுக்க வேண்டிய எந்த வசதிக்கும் தொழிலாளிகிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ஃபேக்டரீஸ் ஆக்ட் 114வது பிரிவுல இருக்கு. கட்டிங் செக்‌ஷன்ல மிச்சமான துணியில தெச்ச மாஸ்க்கை கொடுத்துட்டு கணக்கு முடிச்ச இடங்கள் உண்டு, அது துணி தான், ஃபில்டர் இல்ல. நோயாளி பக்கத்துல போற ஃபர்ஸ்ட் எய்ட் ஆளு, நர்ஸ், க்ரெச் ஆயா, டாய்லெட் கிளீன் பண்றவங்க, இவங்களுக்கு என்95 அல்லது ஐஎஸ் 9473 முத்திரை இருக்கிற எஃப்எஃப்பி2 கொடுக்கணும். அதுவும் முகத்துல ஒட்டி உட்காரணும், ஓரத்துல காத்து ஒழுகினா என்95 போட்டும் பலன் குறைவு. ஆனா மாஸ்க்குங்கறது கடைசி வரிசை பாதுகாப்பு, சேஃப்டி படிச்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஆபத்தை நீக்கு, இடத்தை மாத்து, வேலை முறைய மாத்து, இதெல்லாம் செஞ்சு மிச்சம் இருக்கிற ஆபத்துக்குத் தான் மாஸ்க். கம்பெனிங்க தலைகீழா மாஸ்க்ல ஆரம்பிச்சு மாஸ்க்லயே முடிக்கிறாங்க.

செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லோடிங் ஆளுங்க கான்ட்ராக்ட்ல இருக்காங்க, அவங்க எங்க ஆளு இல்லன்னு ஹெச்ஆர் சொல்லும். ஏத்துக்காதீங்க. கான்ட்ராக்டர் வசதி செய்யலன்னா முதன்மை முதலாளி, அதாவது கான்ட்ராக்ட் கொடுத்த கம்பெனி, செஞ்சாகணும், கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கலன்னா முதன்மை முதலாளி கொடுத்தாகணும், 1970 கான்ட்ராக்ட் லேபர் சட்டத்துல 20, 21 பிரிவுகள். ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு மாஸ்க் இல்லாம இருந்தா அது அவங்க பிரச்சனை மட்டும் இல்ல, எல்லா ஃப்ளோருக்கும் போறவங்க அவங்க தான்.

வேலை நேரம் ஒண்ணு இருக்கு, இதை பெருந்தொற்று பாதுகாப்போட யாரும் சேர்த்துப் பேசுறதில்ல. 2020ல ஆளு கம்மின்னு சொல்லி பல மாநிலம் வேலை நேரத்தைக் கூட்டுச்சு. கர்நாடகாவும் மே மாசம் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம்னு அறிவிச்சுது, ஹைகோர்ட்டுக்கு விஷயம் போனப்புறம் ஜூன்ல வாபஸ் வாங்கிச்சு. குஜராத் அறிவிப்பை 2020 அக்டோபர் 1ல சுப்ரீம் கோர்ட்டே ரத்து பண்ணுச்சு, பெருந்தொற்று ஃபேக்டரீஸ் ஆக்ட்ல சொல்ற பொது அவசரநிலை இல்ல, டபுள் ஓவர்டைம் கொடுக்காம வேலை வாங்க முடியாதுன்னு. புது கோடுல பெருந்தொற்று நேரத்துல அரசு விலக்கு கொடுக்கலாம்னு தனிப் பிரிவு இருக்கு, யூனியன்காரங்க அதைக் கண்ணுல வெச்சிருக்கணும். நேரம் கூடினா ஒரே காத்துல இருக்கிற நேரமும் கூடுது, அந்த சியோல் மாடிய ஞாபகம் வெச்சுக்கோங்க.

தடுப்பூசி போடச் சொல்லி ஏற்பாடு பண்றது, அன்னிக்கு சம்பளத்தோட லீவு கொடுக்குறது நல்ல முதலாளி செய்யுற வேலை. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாதுன்னு 2022 மே 2ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. போட்டுக்கோங்கன்னு நான் கையெடுத்துக் கேப்பேன், ஆனா போடலன்னா கேட்டுக்கு வெளியன்னு ஒரு சூப்பர்வைசர் முடிவு பண்ணக் கூடாது. அதே மாதிரி யாருக்கு நோய்னு பேரை நோட்டீஸ் போர்டுல ஒட்டுறது, வாட்ஸப் குரூப்ல போடுறது கூடவே கூடாது. எந்த லைன், எந்த ஷிஃப்ட், எந்த தேதின்னு சொன்னா பக்கத்துல இருந்தவங்களுக்குப் போதும். பேரு வெளிய வந்ததால வாடகை வீட்ட காலி பண்ணச் சொன்ன ஓனர்கள இந்த ஊர்லயே பார்த்தோம்.

கொரோனாவுல குடும்பத்துல யாரையாவது இழந்தவங்க இதைப் படிச்சா ஒண்ணு பாருங்க. ஈஎஸ்ஐ அப்போ ஒரு கொரோனா நிவாரணத் திட்டம் கொண்டு வந்துச்சு, இறந்தவரோட சராசரி சம்பளத்துல 90 சதவீதம் குடும்பத்துக்கு மாசாமாசம், குறைஞ்சது 1,800 ரூபாய். பிஎஃப்ல இருந்தவங்களுக்கு இடிஎல்ஐ இன்சூரன்ஸ் 7 லட்சம் வரைக்கும். அப்போ விண்ணப்பிச்சு பாதியில நின்னு போயிருந்தா பேப்பரை எடுத்துக்கிட்டு ராஜாஜிநகரோ இந்திராநகரோ ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு அலையாதீங்க, உங்க ஈஎஸ்ஐ கிளை ஆபீஸ்ல போய் எந்த நிலையில இருக்குன்னு கேளுங்க.

இப்போ தங்கச்சி கேட்ட கடைசி விஷயம், நாங்க என்ன கேக்கலாம். பாதுகாப்பு பத்தின தகவலைக் கேக்குற உரிமை தொழிலாளிக்கு பழைய சட்டத்துல 111ஏ பிரிவுலயே இருக்கு. புது கோடு 14வது பிரிவு அதுக்கு மேல போகுது: உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்துன்னு நியாயமான பயம் இருந்தா முதலாளிகிட்டயோ சேஃப்டி கமிட்டி மூலமாவோ சொல்லலாம், அதே நேரத்துல இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கலாம், முதலாளி உடனே சரி பண்ணணும். சேஃப்டி கமிட்டியில தொழிலாளி பிரதிநிதி யாருன்னு உங்க ஃப்ளோர்ல பத்து பேரைக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, முதல்ல அந்தப் பேரைக் கண்டுபிடிங்க. கம்பெனி கேக்கலன்னா பன்னேர்கட்டா ரோடு டெய்ரி சர்க்கிள் கிட்ட கார்மிக பவனம் இருக்கு, ஃபேக்டரீஸ் டிபார்ட்மென்ட் அங்க தான். தனியா போகாதீங்க, அஞ்சு பேர் சேர்ந்து போங்க, புகார் கன்னடத்துல இருந்தா வேலை சுலபமா நடக்கும், எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் எப்படியும் உங்க லைன்லயே இருப்பாங்க.

அந்த ஜாயினிங் ஷீட்டுக்கு வாங்க. வேலை வேணும், கையெழுத்து போடலன்னா எடுக்க மாட்டாங்கன்னா போட்டுட்டு கவலைப்படாதீங்க, அது உங்க உரிமையைப் பறிக்காது. போடறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. சேர்ந்து ஒரு வாரம் கழிச்சு நாலஞ்சு பேர் சேர்ந்து ஹெச்ஆருக்கு ஒரு லெட்டர் கொடுங்க, ரொம்ப மரியாதையா, சண்டை வார்த்தை எதுவும் வேண்டாம்: ஹால்ல எத்தனை பேர், அளவு என்ன, எக்ஸாஸ்ட் ஃபேன் எத்தனை ஓடுது, காய்ச்சல் லீவுக்கு சம்பளமும் போனஸும் உண்டா, சேஃப்டி கமிட்டி மெம்பர்கள் யாரு. இந்த அஞ்சு கேள்வி போதும். தேதி போடுங்க, ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் உங்க காப்பில இன்வர்ட் சீல் (லெட்டர் வந்து சேர்ந்ததுக்கு கம்பெனி போடுற முத்திரை) வாங்குங்க, சீல் போட மாட்டேன்னு சொன்னா அதே லெட்டரை கம்பெனி அட்ரஸுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீதை ஈஎஸ்ஐ கார்டோட சேர்த்து வெச்சுக்கோங்க.